சத்தமில்லாமல் ஏறும் புரை

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால் எங்கள் வீட்டில் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள். நாலு இருமல் வரும், கண்ணில் தண்ணீர் கோக்கும், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். புரை என்றால் இருமல் வரும் என்றுதான் முப்பத்தொரு வயது வரை நினைத்திருந்தேன்.

என் மகளுக்கு முதன்முதலில் புரையேறியபோது ஒரு சத்தமும் வரவில்லை. கைவிரல் ஐந்தும் விரிந்தன. புருவம் மேலே ஏறியது. பிறகு உதட்டைச் சுற்றி நீலம் பரவியது. அவளுக்குப் பதிலாக மானிட்டர்தான் அலறியது. என் கையில் பால் புகட்டும் பாலாடைக் கிண்ணம் இருந்தது. அதைச் சாய்த்தது நான்தான்.

இரத்த அழுத்தம் ஏறிப்போய், இனியும் காத்திருந்தால் இருவருக்கும் ஆபத்து என்று 29-வது வாரத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். 1,120 கிராம். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். என் மாமியார் எனக்கு ஆறுதல் சொல்வதாக, "ஏழாம் மாசக் கொழந்த பொழச்சுக்கும்மா, எட்டாம் மாசந்தான் தங்காதும்பாங்க" என்றார். அந்த நேரத்தில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு மருத்துவர் பொறுமையாகச் சொன்னார், அதெல்லாம் கிடையாதும்மா, வயிற்றுக்குள் இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான் என்று.

முதல் வாரம் முழுக்க மூச்சைப் பற்றிய கவலை. மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் சிபாப், ஆக்சிஜன், மூச்சு விட மறந்துபோகாமல் இருக்கக் கஃபீன். பால் குடிப்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பிழைத்துவிட்டால் பால் தானாகக் குடித்துவிடப் போகிறாள், அதிலென்ன இருக்கிறது என்ற எண்ணம். அதில் எவ்வளவோ இருந்தது.

கருவில் குழந்தை நான்காம் மாதத்திலேயே விழுங்கத் தொடங்கிவிடுகிறது. பனிக்குட நீரைக் குடித்துக் குடித்துப் பழகுகிறது. ஆனால் அங்கே மூச்சு விடும் வேலை அதற்கு இல்லை, தொப்புள்கொடி பார்த்துக்கொள்கிறது. வெளியே வந்த பிறகுதான் சிக்கல். தொண்டை ஒரு முச்சந்தி. பாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், மூச்சும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். உறிஞ்சி, விழுங்க மூச்சைச் சற்று நிறுத்தி, விழுங்கி, திரும்ப மூச்சு விட வேண்டும். நிறைமாதக் குழந்தை ஒரு நொடிக்கு ஒருமுறை இதை யோசிக்காமல் செய்கிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர ஆரம்பிப்பதே ஏறக்குறைய 32 முதல் 34 வாரத்தில்தான். உறுதிப்படுவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். போதாக்குறைக்கு, கன்னத்துக்குள் இருக்கும் கொழுப்புத் திண்டு கடைசி வாரங்களில்தான் வளர்கிறது. அது இல்லாத கன்னம் உறிஞ்சும்போது பிடிமானம் கொடுக்காது. என் மகளுக்குக் கன்னம் என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை.

ஆகவே குழாய். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரைக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் தொப்புளுக்கும் நடுப்பகுதி வரைக்கும் அளந்து, அந்த அளவில் பிளாஸ்திரி ஒட்டிக் குறித்துக்கொண்டு, வாய் வழியாக இரைப்பை வரை விட்டார்கள். இவ்வளவு சின்னக் குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும், அதை அடைக்கக் கூடாது, அதனால் வாய் வழியாக என்றார் சிஸ்டர். முதல் பால் 1 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்குப் பன்னிரண்டு தடவை. வயிற்றை நிரப்ப அது போதாது என்று அவர்களுக்கும் தெரியும். குடலைப் பழக்கத்தான் அந்த 1 மில்லி. மற்ற சத்தெல்லாம் இரத்தக் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு முதல் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகத்தான் சுரந்தது. கையால் பீய்ச்சியதில் ஒரு சின்ன சிரிஞ்சின் அடிப்பகுதி நனைந்தது, அவ்வளவுதான். மஞ்சளாக, கெட்டியாக. "இத வச்சு என்ன சிஸ்டர் பண்றது" என்று அழுதேன். அந்த மூத்த சிஸ்டர் பஞ்சு முனையில் அதைத் தொட்டு அவள் இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் தடவிக் காட்டினார். "சீம்பாலும்மா. ஒரு சொட்டுகூட வீணாக்காத. விழுங்கத் தெரியாட்டியும் ருசி தெரியட்டும்." அன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துப் பீய்ச்சினேன், நடுராத்திரி உட்பட. பீய்ச்சும் அறையில் எங்கள் ஐந்தாறு பேருக்கும் ஒரே பேச்சு. "உங்க பாப்பா எத்தன மில்லி?" அதுதான் எங்கள் குசலம். வேறு எதையும் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

இந்த மில்லிக் கணக்கு மெல்ல மெல்ல என் தலைக்குள் ஏறிவிட்டது. 1, 2, 4, 6. பத்தாம் நாள் வயிறு சற்று உப்பி, குழாயில் பச்சையாகத் திரும்பி வந்தது. குடல் அழற்சியாக இருக்குமோ என்று இரண்டு நாள் பாலையே நிறுத்திவிட்டார்கள். படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஆன பிறகு திரும்ப 1 மில்லியிலிருந்து. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் குடல் நோய் உயிரைக் கொண்டுபோகக்கூடியது. அதைத் தவிர்க்கத் தாய்ப்பாலைவிடப் பெரிய காப்பு இல்லை என்பதால்தான் இவ்வளவு பாடு. தாய்க்குச் சுரக்காதபோது வேறு தாய்மார் கொடுத்த பாலைப் பதப்படுத்தித் தருகிற பால் வங்கிகள் இருக்கின்றன. ஆசியாவிலேயே முதலாவது மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியது. பிறகு எனக்குப் பால் தாராளமாக வந்தபோது நானும் கொடுத்தேன்.

சிபாப் எடுத்த பிறகு கங்காரு கேர். துணியில்லாத மார்பில் டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையைத் தவளைபோல ஒட்டவைத்து மேலே துண்டால் கட்டிவிடுவார்கள். இன்குபேட்டர் போதாத கொலம்பியாவில், பொகோட்டா நகரத்து மருத்துவமனையில், 1978-ல் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்தபோது இறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. என் மகள் என் நெஞ்சில் கிடக்கும்போதே குழாயில் பால் போகும். சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, வெறும் குழலில் பாலை ஊற்றி நானே பிடித்துக்கொள்வேன். கையை உயர்த்தினால் பால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாக. தள்ளக் கூடாது. தானாக இறங்க வேண்டும். இருபது நிமிடம் கை வலிக்கும். அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்காக நான் செய்கிற வேலை என்று ஒன்றாவது இருந்ததே.

அப்படியொரு நாள் குழாயில் பால் இறங்கும்போது அவள் வாயைச் சப்புக்கொட்டினாள். சிஸ்டர் பார்த்துவிட்டு, அடுத்த வேளை பாலைப் பீய்ச்சிய கையோடு வெறும் மார்பில் அவளைப் பிடிக்கச் சொன்னார். பால் வராத மார்பு என்பதால் திணற வாய்ப்பில்லை, ஆனால் உறிஞ்சிப் பழகலாம். நொடிக்கு இரண்டு தடவை, சின்னச் சின்னதாக, ஐந்தாறு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போனாள். வயிறு நிறைவது குழாய் வழியாக நடந்தாலும், வாயில் சப்புவதும் வயிறு நிறைவதும் ஒன்றாக நடக்கிறது என்று குழந்தை தெரிந்துகொள்ள வேண்டுமாம். குழாய், உறிஞ்சு கருவி, பிளாஸ்திரி என்று வாய்ப்பக்கம் வருவதெல்லாம் வலியாகவே இருந்தால், பின்னாளில் கரண்டியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு என்றார்.

வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து 33 வாரம் முடிந்ததும் பாலாடை. எங்கள் பக்கம் சங்கு என்போம். ஒரு பக்கம் மூக்குபோல நீண்ட சின்னக் கிண்ணம். மாமியார் வீட்டிலிருந்து வெள்ளிச் சங்கே வந்துவிட்டது, என் கணவர் குடித்தது. வீட்டில் அதை உபயோகிக்கும் முறையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நீட்டிய காலில் குழந்தையை மல்லாத்தி, கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி, வாய்க்குள் விடுவது. குழந்தை கத்தும், கத்தும் வாயில் இன்னொரு சங்கு. நிறைமாதக் கொழுகொழு பிள்ளைகளே அதில் திணறும்.

சிஸ்டர் காட்டியது வேறு. குழந்தையைத் துணியில் சுற்றி, ஏறக்குறைய உட்கார்ந்த மாதிரி சாய்த்துப் பிடித்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்ப்பது. பிறகு சும்மா இருப்பது. அவளே நாக்கை நீட்டித் தொட்டு இழுக்கட்டும். விழுங்கட்டும். மூச்சு விடட்டும். "நீ ஊட்டணும்மா, ஊத்தக் கூடாது" என்றார்.

அந்த வாக்கியத்தை அன்று நான் கேட்டேனே தவிர வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை 20 மில்லி என்பது கணக்கு. அதில் 5 மில்லி சங்கில், மீதி குழாயில். சங்கிலேயே 20 மில்லியும் போனால் குழாயை எடுப்பார்கள், குழாயை எடுத்தால் வீட்டுக்குப் போகலாம். மூன்றாம் நாள், 4 மில்லி முடிந்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பினாள். நெற்றியைச் சுருக்கினாள். வாயோரம் பால் வழிந்தது. இன்னும் ஒரு மில்லிதானே என்று சங்கைக் கொஞ்சம் சாய்த்தேன்.

மேலே சொன்னது அப்போதுதான் நடந்தது. சிஸ்டர் ஓடிவந்து அவளைச் சாய்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்தார், ஆக்சிஜன் காட்டினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இதயத் துடிப்பு எழுபதுக்கு இறங்கித் திரும்ப ஏறியது. பெரியவர்களுக்கு மூச்சுக்குழலுக்குள் ஒரு சொட்டு தவறிப் போனால் இருமல் வந்து வெளியே தள்ளும். இத்தனை வாரமே ஆன குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த இருமல் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குப் பதில் மூச்சே நின்றுபோகும், துடிப்பு குறையும். காப்பாற்றிக்கொள்ள உடம்புக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த இரண்டு சொற்களையும் உருட்டிக்கொண்டிருந்தேன். உண் என்பதிலிருந்து வருவது ஊட்டு. உண்ணச் செய்வது. அப்படியென்றால் உண்பது குழந்தை, நான் பக்கத்தில் இருப்பவள். ஊற்று என்பதில் குழந்தையே இல்லை, பாத்திரம்தான் இருக்கிறது. மில்லியை எண்ணி எண்ணி அவளை நான் ஒரு பாத்திரமாக ஆக்கியிருந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சிஸ்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். கையை வாய்க்குக் கொண்டுபோகிறாளா, நாக்கை நீட்டுகிறாளா, அது பசி, ஆரம்பிக்கலாம். புருவம் ஏறி கண் அகல விரிந்தால் வேகம் அதிகம், சங்கை இறக்கு. விரல்கள் நட்சத்திரம் மாதிரி விரிந்தால், உள்ளங்கை முகத்துக்கு நேரே வந்தால், "நில்லுங்கிறா". மூக்குத் துவாரம் விடைத்தால், தலை பின்னால் போனால், விக்கல் வந்தால் நிறுத்து. எல்லாவற்றையும்விட எனக்கு அதிர்ச்சி தந்தது தூக்கம். பால் நடுவே சட்டென்று கண்ணை மூடித் துவண்டால், வயிறு நிறைந்து தூங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். பல சமயம் அது திணறலிலிருந்து தப்பிக்கக் கதவைச் சாத்திக்கொள்வது. அப்போது உலுக்கி எழுப்பி மேலும் கொடுப்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகவும் கூடாது, குடிப்பதில் கிடைப்பதைவிடக் குடிக்கிற பாட்டில் செலவாவது அதிகமாகிவிடும். மீதியைக் குழாய் பார்த்துக்கொள்ளட்டும். குழாயைத் தோல்வி என்று நினைத்த நான் அதை அவளுடைய ஓய்வு என்று பார்க்க ஆரம்பித்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எண்ணுவதை விட்ட பிறகுதான் மில்லி ஏறியது. 35-வது வாரம் முடிந்து, 1,720 கிராமில், குழாய் இல்லாமல் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் வேறு போராட்டம். எங்கள் வீட்டுப் பெரியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எல்லாரும் பாசத்தில் சொன்னதுதான். ஆனால் சிலவற்றுக்கு அழுத்தமாக மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளை பால் குடிக்கத் திணறுகிறாள் என்றதும் பெரியம்மா ஒருவர், "வயித்துல தொக்கம் இருக்குடி, கொண்டுபோய் எடுத்துட்டு வா" என்றார். வாயில் குழல் வைத்து ஊதியோ உறிஞ்சியோ, உள்ளே சிக்கியதை எடுத்துக் காட்டுவார்கள். பால் தவிர எதுவுமே போகாத வயிற்றில் என்ன சிக்கியிருக்கும்? மூச்சையும் விழுங்கலையும் இப்போதுதான் சேர்த்துக் கற்றுக்கொண்ட தொண்டைக்குள் யாரோ வாயால் ஊதுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்கியது. காயம் ஆகலாம், தொற்று வரலாம், மூச்சு அடைக்கலாம். "பெரியம்மா, டாக்டர்ட்ட கேட்காம ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க" என்று டாக்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன். குளிப்பாட்ட வந்த பாட்டி மூக்கில் எண்ணெய் விடப் போனபோதும் அதே பதில்தான். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கி நிமோனியாவாகும்.

பாலைக் கக்குகிறாள் என்பதால் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கெட்டியாகக் கொடு என்றும் ஒரு யோசனை வந்தது. பாலைக் கெட்டியாக்குவது மருத்துவர்களே சில பிள்ளைகளுக்குச் செய்வதுதான், ஆனால் குறைமாதக் குழந்தைக்கு அது விளையாட்டில்லை. அமெரிக்காவில் அதற்கென்றே விற்ற ஒரு கெட்டிப்படுத்தியைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-ல் எச்சரித்தது. நான் மேலே பயந்தேனே, அதே குடல் நோய் வந்தது காரணம்.

உண்மையில் அவளுக்குச் சிக்கல் தீரவில்லை. பிறந்து நாலு மாதம் ஆகியும், பால் குடித்து முடித்ததும் தொண்டையில் கரகரவென்று ஈரச் சத்தம். இரண்டு முறை சளி கட்டி மருத்துவமனை. எடை ஏறவில்லை. ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள் என்றார் மருத்துவர். "பேசுறதுக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கே" என்றாள் என் அம்மா. எனக்கும் அதே குழப்பம்தான். பேசும் நாக்கும் உதடும் அண்ணமும் குரல்வளையும்தான் விழுங்கவும் உழைக்கின்றன, அதனால் விழுங்குவதும் அவர்கள் வேலை என்பது போன பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் குறைமாதக் குழந்தை பெற்ற எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது? பீய்ச்சும் அறையில் என்னோடு இருந்த ஒருத்திக்கும் சொல்லப்படவில்லை.

எக்ஸ்ரே அறையில், பேரியம் கலந்த பாலைக் குடிக்கவைத்து, அது தொண்டையில் இறங்குவதைப் படமாக ஓடவிட்டார்கள். சாம்பல் திரையில் கறுப்பாக ஒரு நூல். முதல் நாலைந்து விழுங்கல் ஒழுங்காகக் கீழே போயின. அதற்குப் பிறகு ஒரு துளி வழி மாறிக் குரல்வளை வாசலுக்குள் எட்டிப் பார்த்தது. அவள் இருமவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. படத்தைப் பார்த்திராவிட்டால் நல்லாக் குடிக்கிறாள் என்றே சொல்லியிருப்பேன். என் கால் தளர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அதே அறையில் அதற்கு வழியும் கிடைத்தது. ஒருக்களித்து, தலை சற்று உயர, என் தொடையில் படுக்கவைத்து, மெதுவாக வரும் நிப்பிளை மாற்றி, மூன்று நாலு உறிஞ்சலுக்கு ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு விட இடம் கொடுத்தபோது, அந்தத் துளி வழி மாறவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் பால் தொண்டையில் குவியாமல் கன்னத்தில் தங்குகிறது, அவள் வேண்டியபோது எடுத்துக்கொள்கிறாள். பாட்டில் என்றாலே கிருமி என்று, அதைக் கொடுக்க எங்கள் மருத்துவருக்கு மனமில்லை. கொஞ்ச நாளைக்கு, கொதிக்கவைத்து எடுத்து, இந்தக் குழந்தைக்கு இந்த அளவுக்கு என்று மருத்துவரும் தெரபிஸ்டும் பேசி முடிவு செய்தார்கள். மார்பில் கொடுக்கும்போது முதல் பாய்ச்சலைப் பீய்ச்சிவிட்டு, நான் பின்னால் சாய்ந்துகொண்டு அவளை மேலே படுக்கவைக்கச் சொன்னார்கள். சாய்ந்தால் பால் மேல்நோக்கி வர வேண்டும், வேகம் குறையும். இதெல்லாம் என் மகளுக்குச் சரிப்பட்டது. உங்கள் குழந்தைக்கு எது என்பதைக் குழந்தையைக் கண்ணால் பார்க்கிற ஒருவர்தான் சொல்ல முடியும்.

மூன்று மாதம் அப்படி ஓடியது. மூன்று உறிஞ்சல், தாழ்த்து. மூன்று உறிஞ்சல், தாழ்த்து. பிறகு ஒரு கட்டத்தில் நான் தாழ்த்துவதற்கு முன்னாலேயே அவள் தானாக நிறுத்தி மூச்சு விட்டாள். அன்று நான் பாட்டிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். திட உணவையும் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணி, கழுத்து நின்று, உட்காரவைத்தால் சாயாமல் இருந்த பிறகுதான் தொடங்கினோம். இட்லியை முதலில் துப்பினாள். மசித்த பூசணிக்காயைக் கையால் பிசைந்து முகமெல்லாம் பூசிக்கொண்டாள். வாய்ப்பக்கம் எது வந்தாலும் மிரண்டவள் அவள்.

போன மாதம் அம்மா வந்திருந்தாள். மகளுக்கு இப்போது ஒரு வயது எட்டு மாதம். மடியில் வைத்து ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா ஏதோ சிரித்துக்கொண்டே விழுங்கியதில் புரையேறிவிட்டது. கண் சிவந்து, முகம் சிவந்து, வீடே அதிரும்படி ஐந்தாறு இருமல் இருமினாள். அடுப்படியிலிருந்து நான் ஓடிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அம்மா அவள் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "யாரோ நினைக்கிறாங்கடி தங்கம்" என்றாள். இருமி முடித்துவிட்டு அவள் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.